வடக்குச் சரிவில் பதினொரு தடங்கள்

தெமுக்கோ,
நவம்பர் 18, திங்கள்கிழமை.

அன்புள்ள ரெனாத்தாவுக்கு,

இங்கு நாங்கள் நலம். எந்த அளவுக்கு நலம் என்பதைக் கீழே எழுதுகிறேன். வலென்சியாவில் இன்னமும் கடலில் குளிக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்ததை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "இலை உதிர்ற மாசத்துல கடல்ல எறங்குற ஊரை நம்பியா பொண்ணை விட்டு வெச்சிருக்கோம்?" என்றார். நீ எழுதியதைப் படித்தேன். எழுதாமல் விட்டதையும் படித்தேன். அந்தப் பையனுக்குப் பெயர் என்று ஒன்று இருந்தால் அடுத்த முறை குறிப்பிடலாம்.

மாணவர்கள் மறுபடி வேலைநிறுத்தம் செய்கிறார்கள். எதற்காக என்று இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு காரணம் கிடைத்தது. அதனால் பல்கலைக்கழகக் கட்டடம் காலியாக இருக்கிறது. என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நாளை எங்கள் துறையிலிருந்து ஒருத்தி மாத்ரித் போகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புவேன். கைபேசி இருக்கும்போது தாளில் ஏன் என்று நீ கேட்பாய். உன் அப்பாவின் கைபேசி இப்போது வரும் செய்திகளை எல்லாம் உரக்கப் படிக்கிறது. என்னுடையதையும் அப்படியே மாற்றிவைத்துவிட்டார், "வசதியா இருக்கும், கிழவி" என்று. நான் உன்னோடு பேசினால் பக்கத்திலேயே நின்று உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார். தாளில் எழுதியது ஒன்றுதான் அவரால் ஒட்டுக்கேட்க முடியாதது. படித்துப் பார்க்கவும் அவரால் முடியாது. அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

உன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. பதறாதே. முழுக்கப் போகவில்லை, சரிசெய்யக்கூடியதுதான். முதலிலிருந்து சொல்கிறேன்.

சந்தேகப்படுவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். ஜூலையில் அவர் மாத்தே தேநீர்க் குவளைக்கு ஊற்ற வேண்டிய வெந்நீரைப் பூனைக்கு ஊற்றப் போனார். பூனை பிழைத்தது, ஆனால் சமையலறைக்கு வருவதை நிறுத்திவிட்டது. ஆகஸ்டில் தெருமுனையில் நின்ற தபால் வண்டிக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். செப்டம்பர் பதினெட்டு, தேசிய நாள் விழாவில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, நேராகப் போய்ப் பாதிரியாரை நடனத்துக்கு அழைத்தார். பாதிரியார் நீண்ட கறுப்பு அங்கியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான் கறுப்புப் பாவாடையில் இருந்தேன். ஊரே கைதட்டிச் சிரித்தது. டாக்டருக்கு என்ன குறும்பு பார் என்றார்கள். பாதிரியாரும் நல்லவர், இரண்டு சுற்று ஆடினார்.

முப்பத்தாறு வருடம் மாட்டு வைத்தியம் பார்த்தவர், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பசுவின் கண்ணில் வெள்ளை விழுந்திருப்பதை இந்தப் பக்கத்திலிருந்து சொன்னவர். ஒரு தடவை, ஒரே தடவை, கண் மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எதுக்கு? ரெண்டும் இருந்த எடத்துலதான் இருக்கு" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் தரவு சேரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவர்களாகிய நாங்கள் கோழைத்தனத்தை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

ஏன் பயந்தேன் என்றால், யைமா எரிமலை. போன வருடம் வைத்தியத்தை விட்டபிறகு அவர் ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டு வெளியே போவது மலைக் கழகத்துக்கு மட்டும்தான். இருபது வருடத் தலைவர் பதவி. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரே நாளில் எரிமலை ஏறி, பலகை கட்டிச் சறுக்கி இறங்கும் பயணத்தை நடத்துவதும், கடைசியில் கழகத்தின் ஏட்டில் கையெழுத்திட்டு மூடுவதும் தலைவர்தான். கண் தெரியவில்லை என்றால் மலை கிடையாது, மலை கிடையாது என்றால் தலைவர் கிடையாது. அதை அவருக்குச் சொல்லும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. அதே சமயம், பதினொரு பேரைப் பனியாற்றின் மேல் ஒரு குருடர் கூட்டிக்கொண்டு போவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதில் மருந்துக்கடை எகோன் வேறு. பதினோரு வருடமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆகஸ்டுக் கூட்டத்தில் எழுந்து, கழக விதி பதினான்கை இனிமேல் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான். அந்த விதி உனக்கு ஞாபகம் இருக்காது, யாருக்கும் இல்லை. மாலை ஆறு மணிக்கு, மலையடிவாரக் குடிலில் தேநீர்க் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் தலைவர் மலையிலிருந்து வந்து கையெழுத்திட வேண்டும். தவறினால், அன்று பனியில் ஏறிவிட்டு முதலில் திரும்பிக் கையெழுத்திட்டவர் தலைவர். ஆரம்பகாலத் தலைவர் ஒருவரை மலையில் மூன்று நாள் தேடி, கடைசியில் குராகவ்தினில் ஒரு சாராயக்கடையில் கண்டுபிடித்தபிறகு எழுதிய விதி என்று சொல்வார்கள். தீர்மானம் நிறைவேறியது. உன் அப்பாவே முதல் ஆளாகக் கை தூக்கினார், தன்மானம்.

எனவே ஒன்பது வருடத்துக்குப் பிறகு நானும் வருகிறேன் என்றேன். அவர், "நல்லது. அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வா" என்றார். பிறந்தநாளுக்கு அவர் எனக்கு வாங்கித் தந்த மலைச்சட்டையைப் பற்றி உனக்கு எழுதியிருந்தேன்: சாலை போடுகிறவர்கள் அணியும் ஆரஞ்சு நிறம். இருபத்தைந்து வருடமாகச் சாம்பலும் நீலமும் மட்டும் உடுத்துகிற ஒருத்திக்கு அதை ஏன் வாங்கினார் என்று அப்போது புரியவில்லை.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, விடிவதற்கு முன் குடிலில் கூடினோம். ஒர்த்தென்சியா அம்மா ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். வயது எழுபத்தொன்று, குடிலும் சாவியும் ஏடும் கெண்டியும் அவள் பொறுப்பு. வழக்கம்போல எங்களுக்கு முன்னால் அவளே ஏட்டில் முதல் கையெழுத்தைப் போட்டாள். ஒவ்வொரு வருடமும் அவள் பனியில் நூறு அடி ஏறி, சறுக்குகிறவர்களை மேலே இழுக்கும் லிஃப்டின் முதல் கம்பத்தில் கொடி கட்டிவிட்டு வருவாள். அதற்காகக் கையெழுத்திடுகிறாள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். "பனிதானே? ஏறுறேன்தானே? அப்ப போடுறேன்" என்பாள். எகோன் ஸாந்தியாகோவிலிருந்து வரவழைத்த புது உடையில் வந்தான். மேல், கீழ், தொப்பி, எல்லாம் ஆரஞ்சு. என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, நாம ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கிட்டோம்" என்றான். எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஏறியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் வழுக்காமல் இருக்கப் பலகையின் அடியில் தோலை ஒட்டிக்கொண்டு நான்கு மணி நேரம், பிறகு பலகைகளை முதுகில் கட்டி, காலணியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம். என் முழங்கால்கள் என்னிடம் தனித்தனியாகப் பேசின. உன் அப்பா ஏறும்போது எந்தச் சிக்கலும் இல்லை. அந்த மலை அவர் காலில் இருக்கிறது. பிளவுகள் இருக்கும் இடத்தில் கயிறு கட்டச் சொன்னது சரியான இடம், நின்றது சரியான இடம். தரவு தவறோ என்றுகூட நினைத்தேன். ஒன்று மட்டும்: எல்லோருக்கும் முன்னால் நடக்கும் மனிதர், இந்த முறை எனக்குப் பின்னால் நடந்தார். "ஒன்பது வருஷம் கழிச்சு வர்றே, உன் வேகத்துல போவோம்" என்றார். எனக்கு அது அன்பாகப் பட்டது.

பதினொன்றரைக்கு உச்சி. வானம் கழுவிவிட்டது போல. ஒரு துணுக்கு மேகம் இல்லை. வடக்கே எல்லா எரிமலைகளும் தெரிந்தன, தெற்கே எல்லா எரிமலைகளும் தெரிந்தன. நாங்கள் ஏறி வந்த மேற்குச் சரிவு இன்னும் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் இறங்கினால் பல் உதிரும். வெயில் பட்டு மேல் பனி விரல் ஆழம் இளகும் வரை காத்திருக்க வேண்டும். பனி பழுக்கட்டும் என்பார்கள் கழகத்தில். உன் அப்பா குச்சியால் பனியைக் குத்தி, தலையைச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டு, "இன்னும் முக்கால் மணி" என்றார். பார்க்காமல், கேட்டு. எல்லோரும் பயபக்தியோடு உட்கார்ந்தார்கள்.

இந்த முக்கால் மணியில் இரண்டு காரியம் நடந்தது. வெயில் சுட்டதால் நான் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்து, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு இருந்தேன். இது முதலாவது. இரண்டாவது, பன்னிரண்டு பேர், அதில் ஒன்பது ஆண்கள், ஒரு மரம்கூட இல்லாத உச்சி. அதிகாலையிலிருந்து மூன்று குவளை தேநீர். மறைவாக ஒரே ஒரு பாறை இருந்தது, நூறு அடி தள்ளி. எல்லோரும் பலகை மாட்டத் தொடங்கியபோது உன் அப்பாவைப் பார்த்து, நீங்கள் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று கையசைத்துவிட்டு அங்கே போனேன். கையசைத்தேன். ஜூலையிலிருந்து சந்தேகப்படும் மனிதரைப் பார்த்துக் கையசைத்தேன். அன்றைய தவறுகளில் முதலாவது என்னுடையது.

நான் திரும்பி வந்தபோது உச்சியில் யாரும் இல்லை. பதினொரு தடங்கள் மட்டும் இருந்தன, அழகான, தளர்வான வளைவுகள். முதல் நாலைந்து வளைவு மேற்கே. பிறகு ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம்.

கூம்பு மாதிரி இருக்கும் மலையில் இதுதான் ஆபத்து. உச்சியில் நாலடி விலகினால் அடியில் வேறு மாவட்டம். பூமியின் இந்தப் பாதியில் வடக்குச் சரிவில்தான் வெயில் முதலில் விழும், பனி முதலில் பழுக்கும். பலகை நல்ல பனியைத் தேடித் தானாகப் போகும். திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். பதினொரு பேரும் வடக்கே போயிருக்கிறார்கள். கார்கள், குடில், ஏடு, கெண்டி எல்லாம் மேற்கே.

என்ன நடந்தது என்பதைப் பின்னால் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்தேன். பனி இனிக்கிற பக்கமாக எகோன் முதலில் போனான். தவறாக இருந்தால் பின்னால் வரும் டாக்டர் கத்துவார் என்று நம்பினான். டாக்டர் அவனுக்குப் பின்னால் போனார், ஏனென்று சொல்கிறேன். மற்ற ஒன்பது பேரும் டாக்டருக்குப் பின்னால் போனார்கள், ஏனென்றால் அவர் முப்பத்தோரு தடவை இறங்கிய மலை. ஒவ்வொருவர் பையிலும் வரைபடத்தோடு ஒரு கைபேசி இருந்தது. ஆனால் நம் கழகத்தில், தலைவர் முன்னால் போகும்போது வரைபடம் பார்ப்பது, விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பது மாதிரி.

நான் நின்று யோசித்தேன். மேற்கே இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் குடில். அங்கிருந்து ஆள் அனுப்பலாம். அதுதான் அறிவு. ஆனால் அந்தப் பதினொரு தடங்களில் ஒன்று மட்டும் மற்றவை மாதிரி இல்லை. தனக்கென்று ஒரு வளைவும் இல்லாமல், முதல் தடத்தின் மேலேயே, ரயில் மாதிரி போயிருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. வடக்கே இறங்கினேன்.

பாதி வழியில் இரண்டு பனிப்பிளவுகள், நீலமாக வாய் பிளந்துகொண்டு. நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பனி. பதினொரு தடங்களும் அதன் மேல். நான் பலகையைக் கழற்றி, பிளவுகள் முடியும் இடம் வரை மேலே நடந்து, சுற்றிக்கொண்டு வந்தேன். மறுபடி பலகை மாட்டக் கால்மணி ஆனது. இதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

பனி முடிந்து அரௌகாரியா மரங்கள் தொடங்கும் இடத்தில் அவர்களைப் பிடித்தேன். வட்டமாக நின்றிருந்தார்கள், எதையோ தொலைத்தவர்கள் போல. தொலைத்தது லிஃப்டை. தபால்காரர் எரிபெர்த்தோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "காலையில இங்கதான் இருந்துச்சு. எவனோ கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். யாரோ, "மரம்கூட மாறிப்போச்சேய்யா" என்றார்கள். எகோன் சிவந்துபோய், "டாக்டர், நான் தப்பாப் போனா நீங்க சத்தம் போடுவீங்கன்னுல்ல போனேன்" என்றான். உன் அப்பா நிதானமாகச் சொன்னார்: "நான் எங்க உன் பின்னாடி வந்தேன்? என் பொண்டாட்டி பின்னாடி வந்தேன். அவ சட்டை எனக்குத் தெரியாதா? எனக்கு முன்னாடி ஆரஞ்சாப் போயிட்டிருந்தா."

எல்லோரும் எகோனைப் பார்த்தார்கள். ஆறடி இரண்டங்குலம், தாடி, நூறு கிலோ. பிறகு அந்தக் காடே சிரித்தது. எரிபெர்த்தோ பனியில் உட்கார்ந்துவிட்டார். "டாக்டரம்மா, தாடி எப்ப வெச்சீங்க?" என்று எகோனைக் கேட்டார். ஒருவன், "நடையெல்லாம் அதேதான், டாக்டரைச் சொல்லிக் குத்தமில்ல" என்றான். அதை நான் மறக்கப்போவதில்லை.

சிரிப்பு அடங்கியதும் உன் அப்பா, "சரி, கிரிசெல்தா எங்க?" என்று கேட்டார். நான் அவருக்கு மூன்றடி எதிரில் நின்றிருந்தேன், சாம்பல் சட்டையில். "இங்கதான் இருக்கேன்" என்றேன். என் குரல் வந்த பக்கம் திரும்பினார். நான் சிரிக்கவில்லை என்பது அவருக்குக் கேட்டிருக்கும்.

நாம் நிற்பது மலைக்கு வடக்கே, கப்த்ரேன் பக்கம் என்றேன். கார்கள் இருக்கும் இடத்துக்குச் சாலை வழியாக நூற்று முப்பது கிலோமீட்டர் என்றேன். யாரும் மறுக்கவில்லை, எனக்கு அது புதிய அனுபவம். நடந்து சாலையை அடைந்தபோது நாலு மணி. அரை மணியில் செம்மறிகளை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் உன் அப்பாவைப் பார்த்ததும் குதித்து இறங்கினார். "டாக்டரே! என் குதிரைக்குப் பிரசவம் பாத்த டாக்டரே! இந்தப் பக்கம் என்ன பண்றீங்க?" "இறங்கி வந்தோம்" என்றார் உன் அப்பா. அது பொய் இல்லை. ஆடுகளோடு நின்றபடி போனோம். ஒரு கிடா எகோனின் புது உடையைக் குராகவ்தின் வரை மென்றது. அவனுக்குத் தடுக்கத் தெம்பில்லை. உன் அப்பா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லாதே" என்றார். 

குடிலை அடைந்தபோது ஏழே முக்கால். கெண்டி அடுப்பில் இல்லை. ஒர்த்தென்சியா அம்மா ஏட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மீட்புக்குழுவுக்குச் சொல்லலாம்னு எழுந்தேன், லாரி சத்தம் கேட்டுச்சு. ஆட்டு நாத்தம் அடிக்குது, வெளிய போய்க் காலணியைக் கழட்டுங்க" என்றாள். எகோனுக்கு அந்த நிலையிலும் விதி ஞாபகம் வந்தது. உட்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாளை எடுத்தான். அதைக் கிடா தொட்டிருக்கவில்லை. பதினான்காம் விதியை உரக்கப் படித்தான். தலைவர் ஆறு மணிக்குள் வரவில்லை. ஆகவே அன்று பனியில் ஏறிவிட்டு முதலில் திரும்பிக் கையெழுத்திட்டவர். இங்கே அவன் குரல் மெலிந்தது, ஏனென்றால் அவனும் அப்போதுதான் யோசித்தான். ஏட்டைத் திருப்பினான். திரும்பியவர்கள் பகுதியில் ஒரே ஒரு கையெழுத்து: ஒர்த்தென்சியா, காலை ஏழு பத்து.

"எவ்வளவு தூரம் ஏறணும்னு விதியில போட்டிருக்கா?" என்று அவள் கேட்டாள். எகோன் தாளின் பின்பக்கத்தையும் பார்த்தான். போடவில்லை. "தெரியும். ஆறு மணியிலேர்ந்து நானும் அதைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

எரிபெர்த்தோ அன்றைய கதையைச் சொல்ல ஆரம்பித்தார்: டாக்டர், எகோன், மனைவி, தாடி. மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். ஒர்த்தென்சியா அம்மா சிரிக்கவில்லை. தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன். அவளுக்கு அது போதும்.

"டாக்டர், அந்தப் பலகையில கடைசிப் பேரைக் கொஞ்சம் படிங்க" என்றாள்.

சுவரில் தலைவர்கள் பெயர்ப்பலகை இருக்கிறதே, அது. உன் அப்பா கதவருகில் நின்றிருந்தார், பத்தடி தூரம். தலையை நிமிர்த்திச் சொன்னார்: "நோல்பெர்த்தோ அரியாகதா. இருபது வருஷமா அதானே இருக்கு."

அவர் பெயருக்குக் கீழே, சுண்ணாம்புக்கட்டியால், சாண் உயர எழுத்தில், ஒர்த்தென்சியா என்று எழுதியிருந்தது.

எரிபெர்த்தோ தொப்பியைக் கழற்றினார். முதலில் வாய் திறந்தது எகோன்தான். கடையில் மருந்துச் சீட்டை வாங்குகிற குரலில், மெதுவாக, "எந்தக் கண்ணு, டாக்டர்?" என்றான். உன் அப்பா ஒரு கையைக் கதவு நிலையில் வைத்தார். "ரெண்டும். எடது ரொம்ப" என்றார். பிறகு, "மாடா இருந்தா போன வருஷமே சந்தைக்கு ஓட்டியிருப்பேன்" என்றார். யாருக்கும் சிரிக்கத் துணிச்சல் வரவில்லை. ஒர்த்தென்சியா அம்மா குவளையை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, "யாரு வாங்குவா?" என்றாள். முதலில் சிரித்தது உன் அப்பா. சிரித்துக்கொண்டே அழுதார் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. தேநீர் ஆவியாகவும் இருக்கலாம்.

புதிய தலைவியின் முதல் உத்தரவு: டாக்டர் கண்ணைச் சரிசெய்துகொண்டு அடுத்த நவம்பரில் ஏறி வந்து கையெழுத்திட வேண்டும், அதுவரை நாற்காலி அவளுடையது. இரண்டாவது, ஈரக் காலணியோடு யாரும் அவள் சமையலறைக்குள் வரக்கூடாது. இரண்டாவதைத்தான் கடுமையாகச் சொன்னாள்.

வீட்டுக்குப் போகும்போது நான் கார் ஓட்டினேன். செர்கென்கோ தாண்டியதும், "எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார். "ஜூலை." "பூனையா?" "பூனை." ரொம்ப நேரம் கழித்து, "பாதிரியார் நல்லா ஆடினாரு" என்றார்.

இடது கண் அறுவை, இந்த மாதம் 28, வியாழன் காலை. வலது, ஜனவரியில். நூறு பேரில் தொண்ணூற்றெட்டு பேருக்கு நன்றாகப் பார்வை வந்துவிடும் என்றார் மருத்துவர். மற்ற இரண்டு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அறுவை முடிந்து, தன் கண்ணால் உன் எழுத்தைப் படித்தபிறகுதான் உனக்குச் சொல்வாராம். அதுவரை நான் வாய் திறக்கக்கூடாதாம். முப்பது வருடத்தில் அவருக்குக் கொடுத்த வாக்கை இப்போதுதான் முதல் தடவையாக மீறுகிறேன். ஒர்த்தென்சியா அம்மா தேவாலயத்தில் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். கடவுளைப் பற்றிய என் கருத்து உனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை அவளுக்கு முழங்கால் வலி என்று சொன்னாள். அதனால் நான் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இங்கே ஊரில் இப்போது உலவும் கதைப்படி, அன்று யைமாவில் மூடுபனி. உச்சியிலிருந்து கிளம்பியதும் திடீரென்று இறங்கியதாம், கைக்குக் கை தெரியவில்லையாம், டாக்டர் இல்லாவிட்டால் பதினொரு பேரும் பிளவுக்குள் போயிருப்பார்களாம். கழகத்தில் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். ஏட்டில் எழுதியவன் எகோன். அவன் கையெழுத்தில், மசியில், "அடர்ந்த மூடுபனி" என்று இருக்கிறது, அடிக்கோடு வேறு. அதன் கீழே பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம். நானும்.

27ஆம் தேதி, புதன்கிழமை, தற்செயலாகக் கூப்பிடுவது போல அப்பாவைக் கூப்பிடு. உடம்பு எப்படி என்று கேட்காதே, உனக்கு எதுவும் தெரியாது. மலை எப்படி இருந்தது என்று கேள். சொல்லுவார். நடுவில் புகாதே, அவசரப்படுத்தாதே, மறுநாள் அறுவையை நினைத்து அன்று அவருக்கு எப்படியும் தூக்கம் வராது. முடித்ததும், மூடுபனி அவ்வளவு அடர்த்தியாகவா இருந்தது அப்பா என்று மட்டும் கேள்.

உன் நலம் நாடும் அம்மா,
கிரிசெல்தா